துண்டுக்கடியில

உக்காருங்க சார், உக்காருங்க. வெயில்ல நின்னு என்ன ஆகப்போகுது? மாட்டுக்காரன் மாட்டத் தண்ணிக்கு ஓட்டிட்டுப் போயிருக்கறான், வந்துருவான். அதுக்குள்ள ஒரு டீ குடிங்க. காசு நீங்க குடுக்க வேண்டாம், நாங் குடுத்துக்கறேன். கடைசியில எல்லாங் கணக்குல வந்துரும்.

வூட்டுக் கறவைக்குத்தானுங்களே? அந்தச் செவலை உங்களுக்குச் சரியா வரும். மடியப் பாத்தீங்களா? சுழியும் சுத்தம். ஆனா ஒன்னு சொல்லிப்போடறேன். நீங்க நேரா அவங்கிட்டப் போயி எவ்வளவுன்னு கேட்டுப்போடாதீங்க. இங்க அப்பிடிப் பழக்கமில்லீங்க. இந்தச் சந்தையில வெலைய யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. இந்தா, இந்தத் துண்டு இருக்குது பாருங்க, இதைக் கை மேல போட்டுக்குவோம். அடியில அவன் வெரல நான் புடிப்பேன். ஒரு வெரல்னா ஒன்னு, ரெண்டு வெரல்னா ரெண்டு. ஆயிரமா, பத்தாயிரமாங்கறது மாட்டப் பாத்தாலே தெரியும். அவன் மடக்குவான், நான் நிமித்துவேன். சுத்தி நூறு பேரு நின்னாலும் ஒருத்தனுக்குந் தெரியாது. அப்பறம் வந்து உங்க கையப் புடிப்பேன். ஒத்து வந்தா மாட்டப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டே இருங்க. அவங்கிட்ட என்ன சொன்னன், உங்ககிட்ட என்ன சொன்னன், அது எனக்கும் இந்தத் துண்டுக்குந்தான் தெரியும். தரகன் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, நாப்பது வருசமா இந்தச் சந்தையில இதான் பொழப்பு.

அங்க ஒரு பொம்பள கத்தறா, கேக்குதுங்களா? அந்தக் கெழக்கால, புளியமரத்துக்கிட்ட. அதக் கண்டுக்காதீங்க. அதுக்கு வாறேன்.

நீங்க என்ன உத்தியோகம்னு சொன்னீங்க? பள்ளிக்கூடத்து வாத்தியாருங்களா. நல்லதுங்க. வெள்ளைச் சட்டையப் பாத்து நாங்கூட வக்கீலோன்னு நெனச்சுப்போட்டன். வக்கீலா இருந்தா அந்த டீயத் திருப்பி வாங்கியிருப்பன். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். வக்கீலுன்னு பேரக் கேட்டாலே எனக்குத் துப்போணும்னு வருது. போலீசுன்னாலும் அப்பிடித்தான். ஒருத்தன் புடுங்குவான், இன்னொருத்தன் புடுங்குனத வாங்கித் தர்றேன்னு மிச்சத்தப் புடுங்குவான். நாறிப்போச்சுங்க நாடு. நாறிப்போச்சு.

கேளுங்க. மாட்டுக்காரன் வர வரைக்குஞ் சொல்றேன்.

போன எலக்சன் சமயம். எங்க ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துல பாவாயின்னு ஒருத்தி. அவ புருசன் ராசப்பன் தென்ன மரம் ஏறறவன். ஒருநா மட்டை வழுக்கிக் கீழ வந்துட்டான், தொடை எலும்பு போச்சு. பெரியாஸ்பத்திரியில கட்டுப் போட்டு அனுப்பிச்சாங்க, எலும்பு கோணலாக் கூடிப்போச்சு. வெளிய ஒரு டாக்டரு பாத்துட்டு, ஒடனே வந்தீங்கன்னா மறுபடி ஒடச்சுப் பிளேட்டு வெச்சு நேர் பண்ணிரலாம், நாள் போச்சுன்னா காலு குட்டையா நின்னுக்கும், அப்பறம் மரமேற முடியாதுன்னு சொல்லிப்போட்டாரு. அவகிட்ட இருந்ததெல்லாம் ஒரு ஜோடி மயிலைக் காளைங்க. அடடா, என்ன காளைங்க. "அண்ணா, நீங்களே ஓட்டிட்டுப் போயி வித்துக் குடுங்க, இந்த மனுசன விட்டுட்டு நான் வர முடியாது"ன்னு கயித்த எங்கையில குடுத்தா. எங்கையிலதானுங்க குடுத்தா. இந்தச் சந்தையில எத்தனை தரகனுங்க இருக்கறானுங்க, அவனுக கையில குடுக்கல. நம்பிக்கைன்னா அது.

வித்தன். நல்ல வெலைக்கே வித்தன். ரேக்ளாப் பந்தயம் ஓட்டறவரு ஒருத்தரு, வெளியூர்க்காரரு, காளையப் பாத்ததும் அந்த எடத்தவிட்டு நகரல. துண்டப் போட்டன், முடிச்சன். ஒடனே பாவாயிக்குப் போன் போட்டு, "ஒன்னு முப்பதுக்கு முடிஞ்சுது அம்மிணி"ன்னன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தந்தான் கேட்டுது. "சாயங்காலமே கொண்டாந்து குடுத்தர்றேன், நாளைக்கே ஆஸ்பத்திரியில சேத்து"ன்னு சொல்லி வெச்சன். எம் மனசு அப்பிடிங்க. அடுத்தவங்க கஷ்டம் எனக்குத் தாங்காது.

பணத்த இடுப்புப் பெல்ட்டுல சொருவி, டி.வி.எஸ். வண்டிய எடுத்துக்கிட்டு வர்றேன், நால்ரோட்டுல கைய நீட்டி நிறுத்திப்போட்டானுங்க. பறக்கும் படையாம். வேப்பமரத்தடியில சேர் போட்டு உக்காந்திருந்தானுங்க, எங்க பறந்தானுங்களோ. எனக்கு முன்னால கண்ணாடி ஏத்துன காரு ரெண்டு போச்சு, அதுக்குச் சலாம். எங்கிட்ட மட்டும், "யோவ், சட்டையத் தூக்கு." ஒரு எஸ்.எஸ்.ஐ., தொப்பை மொதல்ல வந்துச்சு, ஆளு அப்பறமா வந்தாரு. அவரு கூட வேளாண்மை ஆபீசுல இருந்து எலக்சன் டூட்டிக்கு வந்த ஒரு சின்னப் பையன், கண்ணாடி போட்டவன், அவந்தான் அதிகாரியாம். இன்னொருத்தன் கேமராவோட நின்னுக்கிட்டிருந்தான்.

கேமராவுக்கு முன்னால வெச்சு எண்ணுனாங்க. ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம்னு சத்தமாச் சொல்றாரு எஸ்.எஸ்.ஐ. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. நாப்பது வருசத்துல எந் தொகைய நாலு பேரு கேக்கச் சொன்னது அந்தாளுதான்.

என்னுங்க? ஆமா, அவளுக்குச் சொன்னது ஒன்னு முப்பது. பதினெட்டு தொழில்ல நிக்கறது. அது எல்லாத் தரகனுக்கும் நிக்கறதுதான். அதுபோக அவ தரகுன்னு ரெண்டாயிரந் தருவா, அது மரியாதைக்கு. வாங்குனவரும் ஒரு ரெண்டாயிரங் குடுத்தாரு, அது சட்டைப் பையில தனியா. நீங்க மாசமாசம் சம்பளம் வாங்கறீங்கல்ல, அது மாதிரி வெச்சுக்கங்க. இதுல தப்பென்ன இருக்குது?

அந்த அதிகாரிப் பையன் மரியாதையாத்தான் கேட்டான், அதச் சொல்லோணும். "ஐயா, எலக்சன் முடியற வரைக்கும் அம்பதாயிரத்துக்கு மேல ரொக்கங் கொண்டு போனா ஆதாரம் வேணும். பில்லு இருக்குதுங்களா?"

மாட்டுக்கு ஏதுங்க தம்பி பில்லுன்னன். சந்தையில மாட்டுக்குச் சுங்கச் சீட்டுக் குடுப்பாங்க, அத நான் வெளிய வந்ததும் எப்பவும் போலக் கிழிச்சுப் போட்டிருந்தன். வாங்குனவரு போன் நம்பரக் குடுங்க, அவரு சொன்னாப் போதும்னான். எனக்குத் தெரியாதுன்னுட்டன். நம்பரு இருந்துச்சுங்க, எம் பையிலயே இருந்துச்சு. ஆனா அவரைக் கூப்பிட்டா வெலையச் சொல்லிப்போடுவாரில்ல? அது தொழில் ரகசியம். உயிரே போனாலும் தரகன் அதச் சொல்லக் கூடாது.

பையனுக்குப் புரியவே இல்ல. "பில்லு இல்ல, பேரு தெரியாது, அப்ப வெலை எப்பிடித்தான் பேசுனீங்க?"ன்னு கேட்டான். பாவம், தெரியாதவன் கேக்கறான், செஞ்சே காட்டிரலாம்னு தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவங் கை மேல போட்டன். அடியில ஒரு வெரலப் புடிச்சு, "இது ஒன்னு"ன்னன். அப்பறம் நாலு வெரலையும் சேத்துப் புடிச்சன். அவ்வளவுதானுங்க. பையன் வெடுக்குன்னு கைய உருவிக்கிட்டான். எஸ்.எஸ்.ஐ. கேமராக்காரனப் பாத்து, "எடுத்தியா? எடுத்தியா?"ங்கறாரு. அப்பறம் எம் பக்கம் திரும்பி, "அதிகாரி கையப் புடிச்சு எவ்வளவுக்குய்யா பேரம் பேசற? பத்தா, நாப்பதா?"ன்னாரு.

லஞ்சங் குடுக்கப் பாத்தேனாம். கேஸப் போட்டுட்டானுங்க.

நீங்களே சொல்லுங்க, இதுல எந் தப்பு என்ன? கேட்டான், காட்டுனன். என் வண்டிக்குப் பின்னாலயே முட்டை யாவாரி ஒருத்தன் என்னவிட ஜாஸ்தி வெச்சுக்கிட்டு வந்து மாட்டுனான். பில்லு புக்கக் காட்டி, போன் போட்டுப் பேச வெச்சு, ரெண்டே நாள்ல கலெக்டர் ஆபீசுல இருந்து காச வாங்கிக்கிட்டுப் போயிட்டான். எங் காசு மட்டுங் கேஸ் சொத்தாகிக் கோர்ட்டுக்குப் போயிருச்சு. கணக்குக் காட்டாட்டி அப்பிடியே சர்க்காருக்குத்தான்யான்னு சொல்லிச் சிரிக்கறாரு எஸ்.எஸ்.ஐ.

கையில ஒன்னுமில்லாமப் பாவாயி வூட்டு வாசல்ல போயி நின்னனுங்க. விசயத்தச் சொன்னன். அவ திட்டுவான்னு நெனச்சன், திட்டல. "ஆஸ்பத்திரிக்கு என்னன்னு சொல்றதுங்ணா?"ன்னு மட்டுங் கேட்டா. உள்ள கட்டில்ல படுத்திருந்த ராசப்பன் மூஞ்சியச் செவுத்துப் பக்கந் திருப்பிக்கிட்டான்.

சரி, வக்கீலப் பாக்கலாம்னு கெளம்புனோம். பால் சொசைட்டியில யாரோ சொன்னாங்கன்னு பாவாயி ஒரு வக்கீலம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனா. நிறைமதின்னு பேரு. சின்னப் புள்ள. கோர்ட்டுக்கு எதுக்க முத்திரைத்தாள் விக்கறவரு ஷெட்டுல ஒரு பெஞ்சப் போட்டு உக்காந்திருந்துச்சு. ஃபேன் கூட இல்ல. என்னை விட்டுப்போட்டுப் பாவாயியப் பாத்துப் பேசுதுங்க அந்தப் புள்ள. "காசு உங்களோடது, மனு நீங்கதான் போடோணும். மாடு வாங்குனவரக் கூட்டிட்டு வாங்க. என்ன வெலைக்கு வாங்குனாருன்னு அவரு சொல்லட்டும், இவரு வித்தேன்னு சொல்லட்டும். உள்ளத உள்ளபடி சொன்னா ஜட்ஜ் குடுத்துருவாங்க. எம் பீஸ் ஐயாயிரம், காசு வந்த பின்னாடி குடுங்க." இத்தனையும் ரோட்டுல போறவன் வாறவனெல்லாங் கேக்கறாப்பல சொல்லுது. எம் பக்கந் திரும்பி, "நீங்க அதிகாரி கையப் புடிக்காம இருந்திருந்தா ரெண்டு நாள்ல வந்திருக்கும்"னு ஒரு பேச்சு வேற.

எனக்கு அப்பவே புடிக்கல. வக்கீலுன்னா ஒரு மறைவு வேண்டாமுங்களா? பீஸ வெட்டவெளியில சொல்றவங்கிட்ட என்ன சரக்கு இருக்கும்? அதுவுமில்லாம மாடு வாங்குனவரு வரோணுமாம், வெலையச் சொல்லோணுமாம். எதுக்குங்க? மாட்டக் கேட்டா மாட்டப் பத்திப் பேசு, எதுக்கு வெலையக் கிண்டற? அனுபவம் இல்லாத புள்ள, காரியத்தக் கெடுத்துப்போடும்னு பாவாயிகிட்டச் சொன்னன். "நீங்க சொன்னாச் சரிங்ணா"ன்னா. அவளுக்கு எம் மேல அத்தனை மதிப்பு அப்ப.

அப்பறந்தான் குழந்தைவேல் வக்கீல்கிட்டக் கூட்டிட்டுப் போனன். அந்த ரூம நீங்க பாக்கோணும். ஏ.சி., செவுரு பூராச் செவப்பு அட்டைப் பொஸ்தகம், வாசல்ல காரு, ஒரு குமாஸ்தா. பாத்ததுமே கையெடுத்துக் கும்புடத் தோணுச்சு. மாடு வாங்குனவரெல்லாம் வேண்டாம், அத நாம் பாத்துக்கறேன்னாரு. பாத்தீங்களா, அதுதான் வக்கீலு. பீஸ் எவ்வளவுன்னு கேட்டதுக்கு, அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல செலவுக்குக் கொஞ்சங் குடுங்கன்னாரு. பாவாயி காதுல கெடந்த தோட்டக் கழட்டிக் கொண்டு போயி அடகு வெச்சுட்டு வந்து குடுத்தா.

அங்கிருந்து பிடிச்சுதுங்க சனி. வாய்தா. வாய்தான்னா வாய்தா. ஒருநா ஜட்ஜ் லீவு, ஒருநா சர்க்கார் வக்கீலு வரல, ஒருநா பேப்பரக் காணோம். ஒவ்வொரு தடவைக்குங் குமாஸ்தா கைய நீட்டுவான். குழந்தைவேலு வராண்டா மூலையில சர்க்கார் வக்கீலத் தள்ளிக்கிட்டுப் போவாரு. ரெண்டு பேரும் கோட்டும் கோட்டும் ஒரசப் பேசுவாங்க. தோள்ல கை போட்டுக்குவாங்க. என்ன பேசுனாங்கன்னு நமக்குத் தெரியாது. திரும்பி வந்து, "அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு ஆகும்பா"ன்னு எங்கிட்ட ஒரு தொகையச் சொல்லுவாரு. அந்தப் பக்கத்துல நெசமாக் கேட்டது எவ்வளவு, இவரு சொல்றது எவ்வளவு, நடுவுல நின்னது எவ்வளவு, ஆருக்குத் தெரியும்? அந்த ஆளு கிட்ட என்ன சொன்னாரோ? அங்க ஒன்னு, இங்க ஒன்னு. ரெண்டு பேருக்கு நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் வழிச்சுத் திங்கறது ஒரு பொழப்புங்களா? நம்பி வந்தவ தோட்டக் கழட்டிக் குடுக்கறா, அதப் பாத்துக்கிட்டே எப்பிடிங்க மனசு வரும்? அருவருப்பா இருக்குது சார். ஒரு வெளி மனுசன்கிட்டச் சொல்லோணும்னுதான் இத்தனையுஞ் சொல்றேன்.

என்னுங்க அப்பிடிப் பாக்கறீங்க? டீ ஆறிப்போச்சுங்களா?

ஆவணி மாசம் எப்பிடியோ கடன ஒடன வாங்கி ராசப்பன டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாளாம். இனி ஒடச்சாலும் நேராகாது, அப்பிடியே பழகிக்கங்கன்னு சொல்லிப்போட்டாராம். நடக்கறான், நடக்காம இல்ல. ஒரு கட்டைய வெச்சுக்கிட்டு, இந்தப் பக்கமாச் சாஞ்சு சாஞ்சு நடக்கறான். மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துட்டு வந்தர்றான். ஒரு மனுசன் காலயே தின்னுப்போட்டானுங்க போலீசும் வக்கீலும். எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

அதுக்கப்பறந்தான் மனு விசாரணைக்கு வந்துச்சு. பாவாயி வந்தே ஆகோணும்னுட்டாங்க. நான் பஸ்ஸுலயே சொல்லிக் கூட்டிட்டுப் போனன். "அம்மிணி, நீ ஒன்னும் பேசாத. கேட்டா ஆமாங்கன்னு தலைய ஆட்டு, மத்தத வக்கீலு பாத்துக்குவாரு." சரிங்ணான்னா. கூண்டுல ஏறி நின்னா. ஜட்ஜ் தமிழ்லயே கேட்டாரு.

"ஏம்மா, இந்த ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரமும் நீங்க காளை வித்த பணந்தானா?"

தலைய ஆட்டியிருந்தாத் தீந்துச்சு. இவ ஆட்டல. "எவ்வளவுங்க சாமி?"ன்னா.

ஜட்ஜ் மறுபடி சொன்னாரு.

"எனக்கு ஒன்னு முப்பதுன்னு சொன்னாங்க"ன்னு சொல்லி, திரும்பி என்னைப் பாத்தா. கோர்ட்டு பூராத் திரும்பி என்னைப் பாத்துச்சு. அந்த மூலையில நிறைமதி வக்கீலம்மா வேற கேசுக்கு வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு, அதும் பாத்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. ஏம்மா, நாலு பேரு கூடுன எடத்துல தொகையப் பேசறது பொம்பளைக்கு அழகா? தனியாக் கேட்டிருந்தா நான் ஏதோ சொல்லியிருப்பேன்ல?

மிச்சப் பதினெட்டு யாரோடதுன்னு ஜட்ஜ் கேட்டாரு. எங்கிட்டக் கேட்டாரு. என்னோடதுன்னு சொன்னா எப்பிடி வந்துச்சும்பாரு. என்னோடதில்லைன்னா, போச்சு. குழந்தைவேலு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தன். அந்தாளு பேப்பரப் பெரட்டிக்கிட்டு இருந்தாரு, என்னையத் தெரியாத மாதிரி. காசு வாங்கறப்ப மட்டுந் தெரியும். நான் தோள்ல கெடந்த துண்டச் சரி பண்ணிக்கிட்டு நின்னன். காளை யாருதோ பணமும் அவங்களுதுதான்னு சொல்லி, மொத்தத்தையும் பாவாயிகிட்டக் குடுக்கச் சொல்லிட்டாரு ஜட்ஜ். லஞ்சக் கேசு தனியா நடக்கட்டும்னுட்டாரு. அது இன்னும் நடக்குதுங்க. அடுத்த வாய்தா தை மாசம்.

காசு கைக்கு வந்த அன்னைக்குக் கோர்ட்டுக் கேட்டுல குமாஸ்தாவும் குழந்தைவேலும் முன்னாலயே நின்னுக்கிட்டிருந்தாங்க. வக்கீலு பாவாயியக் காருக்கிட்டத் தனியாக் கூப்பிட்டாரு. அவ போகல. நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு, டீக்கடையில இருந்தவங்க பூராங் கேக்க, "வக்கீலய்யா, உங்களுக்கு எவ்வளவுன்னு இங்கயே சொல்லுங்க"ன்னா. அந்தாளு அப்பிடியும் இப்பிடியும் பாத்தாரு. அப்பறம் இருபத்தஞ்சுன்னாரு. எதெதுக்குன்னு இவ கேட்டா. ஒவ்வொன்னாச் சொன்னாரு, சொல்லச் சொல்லக் கொறஞ்சுது. கடைசியில பதினஞ்ச வாங்கிக்கிட்டுக் காருல ஏறிட்டாரு. மானங்கெட்ட பொழப்பு. ஆனா ஒன்னு, வாயத் தொறந்து ஒரு தொகையச் சொன்னான் அவன்.

அப்பறம் நான் போனன். எனக்கும் அலைச்சல் இல்லீங்களா? அத்தனை மாசம் பஸ் செலவு, லஞ்சக் கேசுன்னு தலைமேல ஒன்னு. நாம மனுசங்கதானே? துண்ட எடுத்து அவ கை மேல போடப் போனன், வழக்கம் போல. அவ துண்டப் புடிச்சு மெல்ல எடுத்து, நாலா மடிச்சு, எந் தோள்லயே போட்டா.

"துண்டில்லாமச் சொல்லுங்ணா. எவ்வளவு, எதுக்கு. சொன்னாக் குடுத்தர்றேன்."

குடுத்தர்றேன்னு சொன்னா சார். நெசமாவே குடுத்திருப்பா. காசக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. டீக்கடையில எல்லாரும் எங்க வாயவே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. பதினெட்டுன்னு ஒரு வார்த்தை. சொல்ல முடியல. கைவெரலு மட்டும் தானா மடங்கி மடங்கி நிமிருது. அவ அந்த வெரலையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் காச மடியில முடிஞ்சுக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா. நானுஞ் சந்தைக்குத் திரும்பிட்டன். இப்பிடி ஏமாத்திப்போட்டாளே சார் என்னைய. நாப்பது வருசத்துல என்னை ஒருத்தரும் இப்பிடி ஏமாத்துனதில்ல.

அதோட போயிருந்தாப் பரவால்ல. அந்தக் காசுல காதுத் தோட்ட மீட்டா, கடன அடைச்சா, மிச்சத்துக்கு ரெண்டு மாட்ட வாங்கி யாவாரம் பண்ண இந்தச் சந்தைக்கே வந்துட்டா. அந்தப் புளியமரத்தடியில கத்தறது அவதான். கேளுங்க, கேளுங்க, என்ன கத்தறான்னு.

"கருப்பு மாடு, ரெண்டாம் ஈத்து, நாப்பத்திரண்டாயிரம். ஆயிரங் கொறைப்பேன், அதுக்கு மேல பேச்சில்ல. பால் வேணும்னாக் கறந்து பாத்துக்கங்க."

மானம் போச்சுங்க சந்தைக்கு. ஊரே கேக்க வெலையச் சொல்றா. மாட்டுல என்ன கொறைன்னு அதையுஞ் சேத்துச் சொல்றா. ராசப்பன் கட்டைய ஊனிக்கிட்டுக் கயித்தப் புடிச்சு நிக்கறான். நாங்க தரகருங்க எல்லாஞ் சேந்து சந்தைக் குத்தகைக்காரர்கிட்டப் புகார் சொன்னோம், பழக்கத்தக் கெடுக்கறான்னு. அவரு சிரிக்கறாரு. அத விடக் கொடுமை, சனங்க அங்க போயி மொய்க்கறாங்க. சந்தைக்கு வந்தவன் கௌரவமா ஒரு தரகனப் புடிச்சுப் பேசுவானா, அத விட்டுட்டு அங்க போயி வாயால வெலை கேட்டுக்கிட்டு நிக்கறான். என்னமோ கத்திரிக்கா வாங்கற மாதிரி. நிறைமதி வக்கீலம்மா கூடப் போன வாரம் வந்து அவங்கம்மாவுக்கு ஒரு மாடு புடிச்சுக்கிட்டுப் போச்சு. அவளும் இவளும் என்ன சிரிப்புங்கறீங்க. எனக்குப் பாக்கவே புடிக்கல.

மனுசங்கள நம்பறதே தப்புங்க. நீங்க வாத்தியாரு, புள்ளைங்களுக்கு அதச் சொல்லிக் குடுங்க. போலீச நம்பாதே, வக்கீல நம்பாதே, பாவம்னு பாத்து ஒத்தாசை பண்ணாதே.

அதா, செவலை வந்துருச்சு பாருங்க. தண்ணி குடிச்சு வயிறு எப்பிடி இருக்குது பாத்தீங்களா? நீங்க இங்கயே உக்காருங்க, நாம் போயி அவங் கையப் புடிச்சுட்டு வந்து உங்ககிட்டச் சொல்றேன். உங்களுக்காகத்தான் பேசப் போறேன், எனக்கென்ன வந்துச்சு. நம்புங்க.

எங்க எந்திரிக்கறீங்க? சார், அந்தப் பக்கமில்லீங்க. செவலை இங்க நிக்குது. அங்க புளியமரம், அங்க போயி என்ன பண்ணப் போறீங்க? வெலை கேக்கறதுக்கா? நாந்தான் சொன்னனுல்ல, அது பழக்கமில்லீங்க. இத்தனை நேரம் சொன்னது உங்க காதுல ஏறலீங்களா? சரி, போங்க, போங்க. படிச்சவங்களே இப்பிடின்னா என்ன பண்றது.

என்னுங்க? டீ எவ்வளவா?

கையக் கொண்டாங்க, சொல்றேன்.